பீப்பாய்கள் நின்ற தெரு

மெக்ஸிக்கோ நகரத்து அரசாங்கக் கட்டடச் சுவர்களிலே 1920களில் டீகோ ரிவேரா உழைக்கும் மக்களைத் தீட்டினார். நகரத்தின் சுவர் யாருக்குரியது என்னும் வினாவுக்கு அது விடையாயிற்று. நமது கொழும்பிலோ, போர்க்காலத் தெருக்களை ஆக்கிரமித்தவை சோதனைச் சாவடிப் பீப்பாய்களே. இராணுவ வண்ணம் பூசிய அப்பீப்பாய்கள் மக்கள் கண்ணுக்குப் பழகிப்போயின. அந்தப் பழக்கத்தையே சாடி, 1997இல் சந்திரகுப்த தேனுவர அவற்றைக் கலைப்பொருளாக்கினார். 1983 ஜூலை வன்செயலை மறக்கவிடாமல் ஆண்டுதோறும் ஜூலையில் கண்காட்சியும் நடத்தி வந்துள்ளார். தமிழர் துயரைச் சிங்களக் கலைஞர் ஒருவர் தம் நகரத்தின் வெட்கமாகக் கண்டது சிறிய செயலன்று.

1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டத் தமிழரும் தாக்கப்பட்டனர். ஆகவே, குருவிட்டத் தோட்டப் பாடசாலைகளில் சித்திரம் கற்பிப்போர், பூவும் குடமும் வரையச் செய்வதோடு நில்லாது, பிள்ளைகள் தாம் வாழும் லயத்தையும் வரையச் செய்தல் வேண்டும் என்போம்.