தலைக்கவசத்துக்குள் ஒரு குரல்

மோட்டார் சைக்கிளில் செல்லும் இருவருக்கும் இடையே உள்ள தூரம் ஒரு முழம்கூட இராது. ஆயினும் அவர்கள் பேசிக்கொள்வது எவ்வளவு கடினம் என்பதை நீங்கள் அறிவீர்கள். பின்னால் இருப்பவர் கத்துகிறார், முன்னால் இருப்பவர் "என்ன?" என்று தலையைத் திருப்புகிறார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். ஓட்டுபவர் திரும்பிப் பார்த்த அந்த ஒரு நொடியில் 17 மீட்டர்ச் சாலை பார்ப்பாரின்றிக் கழிந்தது என்பது இதன் பொருள்.

சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் இன்று தொழிற்சாலைகளுக்குச் செல்லும் வழியில் உள்ள ஊர். இங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் செல்லும் சாலைகளில் ஷிப்டு மாறும் நேரத்தில் நின்று பாருங்கள். லாரிகளுக்கும் கம்பெனிப் பேருந்துகளுக்கும் நடுவே இருசக்கர வண்டிகள் அணியணியாகப் போகும். அவர்களில் சிலர் கைபேசியைத் தலைக்கவசத்துக்கும் கன்னத்துக்கும் இடையே செருகிக்கொண்டு, பேசியபடியே ஓட்டுவதையும் காணலாம்.

இந்தத் தொல்லைக்கு மாற்றாக வந்திருப்பதே ஹெல்மெட் இண்டர்காம். தலைக்கவசத்தின் பக்கவாட்டில் பொருத்தும் ஒரு சிறு பெட்டி, காதருகே இரண்டு ஒலிபெருக்கிகள், வாயருகே ஓர் ஒலிவாங்கி ஆகியவை சேர்ந்த கருவி அது. சில ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. அதைப்போல் பத்து மடங்கு விலையிலும் கிடைக்கிறது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குபவர் எதை வாங்குவது? இக்கருவி எப்படிப் பிறந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் விடை எளிதாகும்.

முதலில் வந்தது கவசம்

1935-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள். இங்கிலாந்தில் டார்செட் மாவட்டத்துச் சாலை ஒன்றில், சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள் மீது மோதாமல் ஒதுங்க முயன்ற ஒருவர் தம் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டார். 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று உலகம் அறிந்த டி. இ. லாரன்ஸ் அவர். ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து மே 19 அன்று இறந்தார்.

அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை நிபுணர். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களின் தலைக்காயங்களை அவர் பின்னர் ஆராயத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரின்போது, இராணுவச் செய்திகளை மோட்டார் சைக்கிளில் கொண்டு செல்லும் வீரர்கள் பலர் குண்டடிபட்டு அல்ல, சாலை விபத்தில் மாண்டுகொண்டிருந்தார்கள். போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் 2,279 மோட்டார் சைக்கிள்காரர்கள் சாலை விபத்தில் இறந்ததாக 1941-இல் வெளியிட்ட கட்டுரையில் கெய்ர்ன்ஸ் குறிப்பிட்டார். தலைக்கவசம் அணிந்தவர்களுக்குக் காயத்தின் கடுமை குறைந்திருந்ததையும் எடுத்துக்காட்டினார். அவ்வாண்டு நவம்பரிலேயே பிரிட்டிஷ் இராணுவம் பணியிலுள்ள மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அது கட்டாயமாக 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கவசம் தலையை எப்படிக் காக்கிறது? வெளியே உள்ள ஓடு மட்டும் காப்பதில்லை. தேங்காயைக் கெட்டியான இரும்புப் பெட்டியில் வைத்துக் கீழே போட்டால் பெட்டி உடையாது; உள்ளே தேங்காய் உடையும். பெட்டிக்குள் நசுங்கும் பொருளை அடைத்துவிட்டால், மோதலின் ஆற்றல் அப்பொருளை நசுக்குவதிலேயே செலவாகித் தேங்காய் பிழைக்கும். இந்த எண்ணத்தை வைத்து அமெரிக்காவில் லம்பார்டு, ராத் என்னும் இருவர் அமைத்த கவசத்துக்கு 1953-இல் காப்புரிமை கிடைத்தது. இன்று தலைக்கவசத்தின் உள்ளே நாம் காணும் தெர்மோகோல் போன்ற அடுக்கு இந்த வேலையைத்தான் செய்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இண்டர்காம் வாங்கும்போது இது மீண்டும் வரும்.

குழாய் வழியே வந்த குரல்

தலையில் அணிவதற்குள் பேச்சைக் கொண்டுவந்த பெருமை விமானிகளைச் சேரும். 1917-இல் இங்கிலாந்தின் காஸ்போர்ட் என்னுமிடத்தில் விமானப் பயிற்சிப் பள்ளி நடத்திய ராபர்ட் ஸ்மித்-பேரி, திறந்த விமானத்தில் பறக்கும் ஆசிரியர் மாணவனிடம் பேசுவதற்கு ஒரு ரப்பர்க் குழாயைப் பயன்படுத்தினார். ஒரு முனையில் ஆசிரியரின் வாய்க்கு ஒரு புனல். மறுமுனையில் மாணவனின் தலையணியில் இரண்டு காதுத்துளைகள். மின்சாரம் இல்லை, கம்பி இல்லை. மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப்பைத் திருப்பிப் போட்டது போன்ற அமைப்பு. 'காஸ்போர்ட் குழாய்' என்று பெயர் பெற்ற இது, பிற்காலத்தில் எண்ணற்ற விமானிகள் பறக்கக் கற்ற டைகர் மாத் விமானத்திலும் இடம்பெற்றது.

ஆசிரியரும் மாணவனும் ஒரே விமானத்தில், ஒரே வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். "வலப்பக்கம் சாய்கிறது, நேராக்கு" என்று ஆசிரியர் சொன்னபோது, அவர் கண்ணெதிரே தெரிந்ததையே சொன்னார். பேச்சு அங்கே பறத்தலுக்கு இடையூறாக இல்லை. அதன் ஒரு பகுதியாகவே இருந்தது.

காற்றின் இரைச்சல்

பின்னர் ஒலிவாங்கியும் மின்கம்பியும் குழாயின் இடத்தைப் பிடித்தன. ஆனால் ஒரு பகைவன் எஞ்சி நின்றான். அவனே இரைச்சல்.

மோட்டார் சைக்கிளின் இரைச்சல் எஞ்சினிலிருந்து வருகிறது என்று எண்ணுகிறோம். வேகம் கூடினால் எஞ்சினைவிடக் காற்றின் இரைச்சலே பெரிதாகிவிடும். மணிக்கு 100 கிலோமீட்டரில் தலைக்கவசத்துக்குள் அது 90 டெசிபெலையும் தாண்டும். சாதாரணமாக நாம் பேசுவதோ சுமார் 60 டெசிபெல். கத்தினாலும் கேட்காததன் காரணம் இதுதான்.

இதை வெல்ல ஓர் அழகான உபாயம் கண்டார்கள். ஒலிவாங்கியின் தகட்டை முன்புறமும் பின்புறமும் திறந்து வைத்தார்கள். எங்கிருந்தோ வரும் இரைச்சல் இரு பக்கங்களையும் ஏறக்குறைய சமமாக அழுத்தும். கயிறு இழுக்கும் போட்டியில் இரு பக்கமும் சம பலம் இருந்தால் கயிறு அசையாதது போலத் தகடு அசையாது. உதட்டருகே பிறக்கும் பேச்சோ முன்பக்கத்தையே அதிகமாக அழுத்தும்; தகடு அசையும். இந்த உபாயம் பலிக்க ஒலிவாங்கி வாய்க்கு மிக அருகில் இருக்க வேண்டும். இன்றைய கருவிகளில் சில்லுக்குள் நடக்கும் கணக்கீடு இரைச்சலை மேலும் வடிகட்டுகிறது. எனினும் ஒலிவாங்கி வாயை விட்டு விலகியிருந்தால் அந்தக் கணக்கீட்டாலும் அதிகம் செய்ய இயலாது.

கம்பி போனது

ஓட்டுபவரையும் பின்னிருப்பவரையும் கம்பியால் இணைத்த இண்டர்காம்கள் வெளிநாடுகளில் நெடுங்காலம் இருந்தன. இறங்கும்போது கம்பியைக் கழற்ற மறந்தால் கவசம் இழுபடும். இக்கம்பியை அகற்றியது புளூடூத்.

சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் 1994-இல் இதன் ஆராய்ச்சி தொடங்கியது. யாப் ஹார்ட்சன் என்னும் டச்சுப் பொறியாளர் அதில் முதன்மையானவர். 1998-இல் எரிக்சன், நோக்கியா, ஐ.பி.எம்., இண்டெல், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் கூடி இதற்கென ஓர் அமைப்பை ஏற்படுத்தின. பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் மன்னர் ஒருவரின் பட்டப்பெயர் இதற்குச் சூட்டப்பட்டது.

புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் பேசுகிறது. மைக்ரோவேவ் அடுப்பும் வைஃபையும் இயங்கும் நெரிசலான பகுதி அது. அங்கே மற்றவர் கூச்சலில் சிக்காமல் இருப்பது எப்படி? 79 சிறு அலைவரிசைகளுக்கு இடையே நொடிக்கு 1,600 முறை தாவிக்கொண்டே இருந்தால் போதும். ஓரிடத்தில் இடையூறு நேர்ந்தாலும் அடுத்த தாவலில் தப்பிவிடலாம். இவ்வாறு தாவும் எண்ணம் பழையது. ஹாலிவுட் நடிகை ஹெடி லமார், இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தீல் ஆகிய இருவரும் நீர்மூழ்கிக் குண்டுகளை வழிநடத்த 1942-இலேயே இத்தகைய அமைப்புக்குக் காப்புரிமை பெற்றிருந்தார்கள். பியானோவின் 88 கட்டைகளைப் போல 88 அலைவரிசைகள் அதில் இருந்தன.

இந்தியாவில் இப்பகுதியில் குறைந்த ஆற்றலுள்ள கருவிகளை உரிமம் இன்றிப் பயன்படுத்த 2005-இல் விதி வகுக்கப்பட்டது. புளூடூத் இண்டர்காமை நீங்கள் உரிமக் கட்டணம் ஏதுமின்றி மாட்டிக்கொள்ள முடிவது இதனாலேயே.

இரண்டு பாதைகளும் நம் வட்டாரத்தில் வந்து சேர்ந்தன. 1955-இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றித் திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. ராயல் என்ஃபீல்டு 2013-இல் ஒரகடத்திலும், 2017-இல் வல்லம் வடகாலிலும் ஆலை திறந்தது. புளூடூத் அமைப்பைத் தோற்றுவித்த ஐவரில் ஒன்றான நோக்கியா, ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை கைபேசிகளை உற்பத்தி செய்தது. வண்டியும் கைபேசியும் ஒரே சாலையோரத்தில் உருவாயின. அவை இரண்டும் ஒரு தலைக்கவசத்துக்குள் சந்திக்கும்போது என்ன நேரும் என்பதே நாம் சிந்திக்க வேண்டியது.

யாரோடு பேசுகிறோம்?

கையில் பிடித்துப் பேசினால்தான் ஆபத்து, காதில் மாட்டினால் ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். நம் சட்டமும் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கையில் பிடிக்கும் கருவியையே ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்தது. ஆனால் மனம் சட்டத்தைப் பார்த்து இயங்குவதில்லை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரும் அவரோடு பணியாற்றியவரும் 2001-இல் வெளியிட்ட சோதனையில், தொலைபேசியில் உரையாடியவர்கள் சோதனைக்கூடச் சைகை விளக்குகளை இருமடங்கு தவறவிட்டார்கள். கையில் பிடித்துப் பேசியவர்களுக்கும் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

ஸ்ட்ரேயர் இடம்பெற்ற ஆய்வுக் குழு 2008-இல் மற்றொன்றையும் கண்டது. அருகில் அமர்ந்து பயணம் செய்பவரோடு பேசுவது தொலைபேசிப் பேச்சைப் போல ஓட்டுதலைக் கெடுப்பதில்லை. ஏனெனில் உடனிருப்பவரும் சாலையைப் பார்க்கிறார். நெரிசல் வந்தால் பேச்சை நிறுத்துகிறார். சில சமயம் "அதோ பார்" என்று எச்சரிக்கவும் செய்கிறார். வீட்டிலிருந்து பேசுபவருக்கு உங்கள் முன்னால் லாரி திரும்புவது தெரியாது.

காஸ்போர்ட் குழாயை இப்போது நினைத்துப் பாருங்கள். இண்டர்காமின் உண்மையான பயன், ஒரே சாலையைப் பார்ப்பவர்கள் பேசிக்கொள்வதே.

குறைந்த விலையில் எதை வாங்கலாம்?

இதிலிருந்தே தேர்வும் எளிதாகிறது.

உங்கள் தேவை பின்னிருப்பவரோடு பேசுவதா? அப்படியானால் ஒரு கிலோமீட்டர் எட்டும், இரண்டு கிலோமீட்டர் எட்டும் என்னும் விளம்பரத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம். இருவரை இணைக்கும் எளிய இணைக் கருவி போதும். தனித்தனி வண்டியில் செல்லும் நண்பர்களுக்கே தூரம் தேவைப்படுகிறது. அப்போதும் பெட்டியில் அச்சிட்ட தூரம் தடையற்ற வெளியில் அளந்தது என்பதை மறவாதீர்கள். தூரம் இருமடங்கானால் அலையின் வலிமை நான்கில் ஒன்றாகும். லாரியும் கட்டடமும் மனித உடலும் மேலும் குறைக்கும். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று எளிதில் இணையாமல் போகலாம் என்பதால், நண்பர்கள் ஒரே வகையாகப் பார்த்து வாங்குவது நல்லது. பலர் சேர்ந்து செல்லும் 'மெஷ்' வகைக் கருவிகள் விலை மிகுந்தவை. இருவருக்கு அவை தேவையில்லை.

மிச்சமாகும் பணத்தை ஒலிவாங்கியின் தரத்தில் செலவிடுங்கள். முகம் முழுவதும் மூடும் கவசத்துக்கு உட்புறம் ஒட்டும் பொத்தான் வகை ஒலிவாங்கி பொருந்தும். முன்புறம் திறந்த கவசத்துக்கு வளையும் தண்டுடன், நுரை உறை போட்ட ஒலிவாங்கி வேண்டும்.

நீர் புகாத் தன்மையையும் பாருங்கள். 'ஐபி 67' என்றால், தூசி புகாது. ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் தாங்கும் என்று பொருள். வடகிழக்குப் பருவமழையில் செல்பவருக்கு இது வீண் செலவன்று. லித்தியம் மின்கலம் வெப்பத்தில் விரைவில் மூப்படையும். ஆதலால் வேலை முடியும்வரை கவசத்தை வெயிலில் வண்டிமீது விட்டுவிடாதீர்கள். கையுறையோடு தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கக்கூடிய பெரிய பொத்தான்கள் உள்ளதா என்பதைக் கடையிலேயே சோதியுங்கள்.

ஒலியின் அளவிலும் கவனம் தேவை. 85 டெசிபெல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்பது தொழிலாளர் காதுகளுக்கென அமெரிக்காவில் வகுத்த பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் அது 15 நிமிடம்தான். காற்றை வெல்ல ஒலியைக் கூட்டுவதைவிட வண்டியின் வேகத்தைக் குறைப்பதே மேல்.

எல்லாவற்றுக்கும் மேலானது ஒன்று உண்டு. ஒலிபெருக்கியை வைக்க இடம் போதவில்லை என்று கவசத்தின் உட்புறத் தெர்மோகோலை வெட்டவோ குடையவோ கூடாது. தலையைக் காப்பது அந்த அடுக்கே என்று பார்த்தோமல்லவா? காதிருக்கும் இடத்தில் ஏற்கெனவே குழி உள்ள, ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற கவசமாகப் பார்த்து வாங்குங்கள். கையிலுள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், முதலில் நல்ல கவசத்தை வாங்குங்கள். பின்னிருப்பவருக்கும் ஒன்று வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2015 ஜூலை முதல் நாளிலிருந்து உயர் நீதிமன்ற ஆணைப்படி வலியுறுத்தப்பட்டு வருவதும் இருவருக்குமான கவசமே. இண்டர்காம் அடுத்த போனஸ் வரை காத்திருக்கலாம்.

அதுவரை என்ன செய்வது? தோளில் ஒருமுறை தட்டினால் 'நிறுத்து', இருமுறை தட்டினால் 'மெதுவாகப் போ' என்று இருவரும் புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.