ஆலை மூடிய பின்: அரிய மோட்டார் சைக்கிள்களின் உதிரிப்பாக வரலாறு

உற்பத்தி நின்றுபோன ஒரு மோட்டார் சைக்கிளை முழுவதும் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, உடைந்ததைச் சீர்செய்து, ஆலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்த நிலைக்குக் கொண்டுவருவது மீட்டெடுப்பு எனப்படும். இந்த வேலைக்குக் கைத்திறனும் பொறுமையும் வேண்டும். ஆனால் இரண்டும் இருந்தும் வேலை நின்றுபோவது உண்டு. காரணம், பாகம் கிடைக்காமை.

நல்ல வண்டி தானே நிலைத்து நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். மோட்டார் சைக்கிள்களின் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. எது பிழைத்தது, எது காயலான் கடைக்குப் போனது என்பதை வண்டியின் தரம் மட்டும் முடிவு செய்யவில்லை. ஆலை மூடியபோது அதன் வரைபடங்களும் அச்சுகளும் யார் கைக்குப் போயின என்பதும் முடிவு செய்தது. வின்சென்ட், புல்லட், ராஜ்தூத் 350 ஆகிய மூன்று வண்டிகளைக் கொண்டு இதைப் பார்க்கலாம்.

வாங்கிய பாகமும் வார்த்த பாகமும்

எந்த ஆலையும் ஒரு வண்டியின் எல்லாப் பாகங்களையும் தானே செய்வதில்லை. இங்கிலாந்தின் பழைய நிறுவனங்கள் பலவும் கார்புரேட்டரை அமால் நிறுவனத்திடமும், மின்கருவிகளை லூகாஸ் நிறுவனத்திடமும் வாங்கின. ஒரே கார்புரேட்டர் பல நிறுவனங்களின் வண்டிகளில் இருந்ததால் அதற்கான தேவை இன்றும் இருக்கிறது. அமால் கார்புரேட்டர்கள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. பேரிங்குகளும் அப்படியே. 6205 என்ற எண்ணுள்ள பேரிங் உலகில் எங்கு வாங்கினாலும் உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52 மி.மீ., அகலம் 15 மி.மீ. ஆகவே இருக்கும்.

சிக்கல் வருவது ஆலை தனக்கென்று வார்த்துக்கொண்ட பாகங்களில்தான். கிராங்க் பெட்டி, சிலிண்டர், பல்சக்கரங்கள், மூடிகள் ஆகியவை வேறு எந்த வண்டிக்கும் பொருந்தாதவை. இவற்றின் அச்சு அழிந்தால் இருக்கிற பாகங்களே கடைசிப் பாகங்கள்.

வின்சென்ட்: உரிமையாளர்களே உற்பத்தியாளர்கள்

பிலிப் வின்சென்ட் 1928-இல் எச்.ஆர்.டி. என்ற பெயரை விலைக்கு வாங்கி, ஸ்டீவனேஜ் நகரில் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கினார். அவருடன் பணியாற்றிய பில் இர்விங் ஆஸ்திரேலியப் பொறியாளர். இவர்களது 998 சிசி இரட்டை சிலிண்டர் வண்டிகளில் பெயர்பெற்றது பிளாக் ஷேடோ. 1948-இல் அறிமுகமான இது 55 குதிரைத் திறன் கொண்டது. மணிக்கு சுமார் 200 கி.மீ. வேகம் செல்லக்கூடியது. அன்றைய சாலைகளில் இதை முந்தும் வண்டிகள் மிகக் குறைவு.

இவ்வளவு இருந்தும் நிறுவனம் லாபம் காணவில்லை. 1955 டிசம்பரில் மோட்டார் சைக்கிள் உற்பத்தி நின்றது. தரம் மட்டுமே காப்பாற்றும் என்றால் இந்த ஆலை மூடியிருக்கக் கூடாது.

ஆனால் வண்டியை வைத்திருந்தவர்கள் 1948-லேயே ஒரு சங்கம் அமைத்திருந்தார்கள். மீதமிருந்த பாகங்கள் குறைந்துவந்த நிலையில், 1970-களில் சங்க உறுப்பினர்கள் தாங்களே பங்குதாரர்களாகி உதிரிப்பாக நிறுவனம் ஒன்றைத் தொடங்கினர். ஒருவர் தனக்கு ஒரு பல்சக்கரம் செய்துகொண்டால் செலவு தாங்காது. நூறு பேருக்குச் சேர்த்துச் செய்தால் தாங்கும். இந்த எளிய கணக்கே அந்த நிறுவனத்தின் அடிப்படை. பழைய ஆலையின் வரைபடங்களைப் பின்பற்றிப் பாகங்கள் செய்யப்பட்டன. பின்னாளில் அந்நிறுவனம் புதிய பாகங்களைக் கொண்டே ஒரு முழு பிளாக் ஷேடோவைக் கட்டிக் காட்டியது. ஆலை மூடி அரை நூற்றாண்டு ஆன பிறகு நடந்த செய்தி இது.

புல்லட்: கடல் கடந்த அச்சுகள்

இங்கிலாந்தின் ரெடிச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1932-இல் புல்லட் என்ற பெயரை முதலில் பயன்படுத்தியது. நாம் அறிந்த 350 சிசி புல்லட்டின் வடிவம் 1940-களின் இறுதியில் உருவானது. இந்திய ராணுவத்துக்கு இந்த வண்டி தேவைப்பட்டதால், 1955-இல் ரெடிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. ஆலை சென்னையை அடுத்த திருவொற்றியூரில் அமைந்தது.

தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டி வண்டியாக்கினார்கள். சில ஆண்டுகளில் பாகங்களைச் செய்யும் கருவிகளும் இங்கே வந்தன. ரெடிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. இங்கிலாந்தில் எஞ்சியிருந்த உற்பத்தியும் 1970-இல் முடிந்தது. திருவொற்றியூரில் மட்டும் அதே இன்ஜின் தொடர்ந்து வார்க்கப்பட்டது. 1977 முதல் என்ஃபீல்டு இந்தியாவின் வண்டிகள் இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியாயின. அதனால் ரெடிச்சில் பிறந்த பழைய புல்லட்டுக்குப் பாகம் தேடிய ஆங்கிலேயருக்குச் சென்னையில் செய்த பாகம் கிடைத்தது. காலப்போக்கில் இங்கும் மாற்றங்கள் வந்தன; ஆகவே எல்லாப் பாகங்களும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்த வண்டியை அநாதையாக விடாமல் காத்தது வடசென்னைத் தொழிலாளர்களின் கை.

ராஜ்தூத் 350: இரண்டும் வாய்க்காத வண்டி

ஜப்பானின் யமஹா நிறுவனம் 1970-களில் செய்த ஆர்டி 350 வண்டியை, இந்தியாவில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் ராஜ்தூத் 350 என்ற பெயரில் செய்தது. 347 சிசி, இரண்டு சிலிண்டர், ஆறு கியர் கொண்ட டூ ஸ்ட்ரோக் வண்டி அது. எரிபொருள் அதிகம் குடித்தது, விலையும் அதிகம். பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளும் குறைவு. 1990-ஐ ஒட்டி உற்பத்தி நின்றது.

இந்த வண்டியின் சிலிண்டர் தேய்ந்தால் போரிங் போட்டு, 0.25 மி.மீ. கூடுதல் விட்டமுள்ள பிஸ்டன் போடலாம். பிறகு 0.50, 0.75, 1.00 என்று நான்கு முறைதான். வேறு வண்டியின் பிஸ்டனைப் பொருத்துவதும் எளிதல்ல. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் விட்டம், பின் அளவு, பின்னுக்கு மேலுள்ள உயரம் ஆகியவை ஒத்துவந்தால் பெரும்பாலும் போதும். டூ ஸ்ட்ரோக்கில் சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளைத் திறந்து மூடுவதே பிஸ்டன்தான். அதன் பக்கச் சுவரின் நீளமும் ரிங் முனைகள் நிற்கும் இடமும் மாறினால் இன்ஜின் ஓடாது, ஓடினால் உடையும்.

புதிய பாகம் வராதபோது பழைய வண்டிகளைப் பிரித்தார்கள். மூன்று வண்டிகள் சேர்ந்து ஒன்றாயின. ஓடுகிற ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் ஓடாமல் போன சில வண்டிகள் உண்டு. இதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எத்தனை முறை இப்படிக் கழித்தாலும் மொத்தம் குறையுமே தவிர, கூடாது.

பட்டறையில் கற்க வேண்டிய இரண்டு பாடங்கள்

பாகம் இல்லாதபோது செய்துகொள்ளத்தான் வேண்டும். அதற்கு வரலாற்று அறிவும் தேவைப்படுகிறது.

முதல் பாடம் மரை. பழைய ஆங்கில வண்டிகளில் ஒரே வண்டியிலேயே பல வகை மரைகள் உண்டு. விட்வொர்த் வகை மரையின் கோணம் 55 பாகை. சைக்கிள் தொழிலிலிருந்து வந்த மரையின் கோணம் 60 பாகை. கால் அங்குலத் திருகில் விட்வொர்த் நுண்மரையும் சைக்கிள் மரையும் அங்குலத்துக்கு 26 சுற்று கொண்டவை. விட்டமும் சுற்றும் ஒன்றாக இருப்பதால் ஒன்று மற்றொன்றில் ஏறிவிடும். கோணம் வேறாக இருப்பதால் சரியாகப் பிடிக்காது. இது தெரியாமல் முறுக்கினால் அலுமினியப் பெட்டியின் மரை போய்விடும்.

இரண்டாம் பாடம் வார்ப்படம். உடைந்த அலுமினிய மூடியை ஒட்டி, அதையே மாதிரியாக மணலில் பதித்து வார்த்தால் புதிய மூடி சிறியதாகிவிடும். உருகிய அலுமினியம் குளிர்ந்து இறுகும்போது ஏறத்தாழ 1.3 விழுக்காடு சுருங்குகிறது. 200 மி.மீ. நீள மூடி இரண்டரை மி.மீ. குறையும், திருகுத் துளைகள் நேர் வராது. அதனால் மாதிரி செய்பவர்கள் சுருக்கத்தையும் கணக்கிட்டு, சற்றுப் பெரியதாகவே மாதிரியைச் செதுக்குகிறார்கள்.

எது அசல்?

புதிய பாகங்கள் கிடைப்பதால் வேறொரு கேள்வி எழுகிறது. வின்சென்ட்டின் ராபிட் வகை வண்டியும் பிளாக் ஷேடோவும் அமைப்பில் நெருங்கியவை. ராபிட்டின் இன்ஜினுக்குக் கறுப்புப் பூச்சு அடித்து, பெரிய வேகமானியைப் பொருத்தினால் பார்வைக்கு ஷேடோ ஆகிவிடும். விலை வேறுபாட்டால் இப்படிச் செய்வோர் உண்டு. அதைக் கண்டுபிடிக்க உதவுவது எண்கள். இன்ஜின், சட்டத்தின் முன்பகுதி, பின்பகுதி ஆகியவற்றில் பொறித்த எண்களை ஆலைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

ஆகவே பிஸ்டனை மாற்றலாம், பேரிங்கை மாற்றலாம். எண் பொறித்த பகுதியை மட்டும் எறியக் கூடாது என்பது மீட்டெடுப்போரின் பொது விதி. கழற்றிய பழைய பாகத்தை அளந்து, படமெடுத்து, குறித்து வைப்பதும் அதே அளவு முக்கியம். வின்சென்ட் காரர்களுக்கு ஆலை வரைபடம் உதவியது. புல்லட்டுக்கு அச்சுகள் உதவின. இரண்டும் இல்லாத வண்டிக்கு, பட்டறையில் ஒருவர் எழுதி வைக்கும் அளவுக் குறிப்பே அடுத்தவருக்கு வரைபடம். காயலான் கடைக்குப் போகும் தேய்ந்த பல்சக்கரத்தை அதற்கு முன் ஒருமுறை அளந்துவிடுவது நல்லது.