கல்லுக்கடியில் ஒரு பூச்சி, தூண்டிலில் 500 வருஷம்

தூண்டில் மீனுக்கும் டாக்டருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. இருக்கு. கடைசி வரைக்கும் வாங்க மக்களே. கொஞ்சம் நீளமான திரெட்.

1. டிரவுட், குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் வாழும் மீன். நம்ம நீலகிரியிலும் உண்டு. அங்கே அதைக் கொண்டுவர 1863-லேயே முயன்று தோற்றவர் ஃபிரான்சிஸ் டே. மெட்ராஸ் ராணுவத்தின் மருத்துவர்! அது தனிக்கதை. இன்னைக்கு அந்த மீனின் சாப்பாட்டைப் பார்ப்போம்.

2. சாப்பாட்டின் பெயர் ஸ்டோன்ஃப்ளை. ஆற்றுக் கல்லுக்கடியில் இளம்பருவத்தைக் கழிக்கும் பூச்சி. பெரிய இனங்களுக்கு அதுவே 3, 4 வருஷம் ஆகும். அப்புறம் கரையேறி, தோலுரிச்சு, இறக்கையோடு சில வாரம்தான் வாழ்க்கை. பெண் பூச்சி முட்டையிடத் தண்ணீர் மேல் இறங்கும்போது, மீன் லபக்!

3. இந்த மென்மையான பூச்சியை முள்ளில் கோர்த்து வீசினா பிய்ஞ்சு போயிடும். அதனால் கம்பளி, இறகு, நூல் வெச்சு அதே மாதிரி ஒரு போலிப் பூச்சியை முள்ளில் கட்டினாங்க. இதுதான் 'ஃப்ளை'.

4. 1496-ல் லண்டன் பக்கம் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சான ஒரு தூண்டில் நூலில் 12 ஃப்ளைகளுக்கு செய்முறை இருக்கு. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னியாஸ்திரி எழுதியதுன்னு சொல்வாங்க, உறுதியான ஆதாரம் கிடையாது. ஏப்ரல் மாசத்துக்கான ஃப்ளைகளில் ஒன்று நம்ம ஸ்டோன்ஃப்ளை. கருப்புக் கம்பளியில் உடம்பு, இறக்கைக்கும் வாலுக்கும் அடியில் மஞ்சள். யாரோ பூச்சியைக் கவிழ்த்துப் போட்டு வயிற்றைப் பார்த்திருக்காங்க!

5. 1676-ல் சார்லஸ் காட்டன். டவ் ஆற்றங்கரையில் வாழ்ந்தவர். இந்தப் பூச்சி பறப்பதைவிட ஓடுவதுதான் அதிகம்னு கவனிச்சு எழுதினார். ஆனா அதன் பிறப்பை வேறொரு பூச்சியின் கூட்டோடு போட்டுக் குழப்பிட்டார். பார்த்தது சரி, டயக்னோசிஸ் தப்பு.

6. அடுத்தவர் எனக்கு ரொம்பப் பிடிச்சவர், ஆல்ஃபிரட் ரொனால்ட்ஸ். 1836-ல் இவர் புத்தகம் வந்தது. ஆற்றோரம் ஒரு குடிசை கட்டி, ஒளிஞ்சிருந்து மீனைப் பார்த்தார். முதலில் செத்த ஈக்களைக் குழாயில் வெச்சு ஊதினார், மீன் சாப்பிட்டது. அப்புறம் மிளகாய்த்தூளும் கடுகும் பூசி ஊதினார், அதையும் சாப்பிட்டது! முதலில் சும்மா, பிறகு காரத்தோடு: அழகான கண்ட்ரோல் எக்ஸ்பெரிமென்ட். மீன் ருசி பார்ப்பதைவிட உருவம் பார்த்தே கடிக்குதுன்னா, போலி அச்சு அசலா இருக்கணும் இல்லையா?

7. 1886-ல் ஃபிரெடெரிக் ஹால்ஃபோர்ட் எழுதிய புத்தகம் மிதக்கும் ஃப்ளைகளுக்கு, அதாவது 'டிரை ஃப்ளை'க்கு, பெரிய மவுசு கொடுத்தது. ஆனா அவருடையது இங்கிலாந்தின் சாதுவான ஆறுகள். அமெரிக்காவின் மொன்டானா பக்கம் ஆறு சீறிப் பாயும், ஸ்டோன்ஃப்ளையும் சுண்டுவிரல் நீளம். இவ்வளவு பெரிய போலி எப்படி மிதக்கும்?

8. விடை, எல்க் மானின் முடி. உள்ளே காற்றறைகள் இருப்பதால் மிதக்கும். நீளமான முள்ளில் நூலைச் சுற்றி, பின்னால் கொஞ்சம் முடி வால், ஆரஞ்சு நிற உடம்பு. முதுகில் ஒரு கற்றை முடியைத் தட்டையாகப் படிய வைக்கணும், ஏன்னா நிஜப் பூச்சி உட்காரும்போது இறக்கையை அப்படித்தான் மடக்கும். முன்னால் சேவல் கழுத்து இறகைச் சுற்றி முடிச்சு. நூலை ரொம்ப இறுக்கினா முடி விறைச்சு நிற்கும், தளர்த்தினா உருவிக்கும். தையல் போட்டுப் பழகினவங்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

9. இரண்டு நரம்பை இணைக்க அவங்க போடும் ஒரு முடிச்சுக்குப் பெயரே 'சர்ஜன்ஸ் நாட்'. மீன் வாயிலிருந்து முள்ளை எடுக்க, நம்ம ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ்!

10. இப்போ முக்கியமான விஷயம். குளிர்ந்த தண்ணீரில்தான் ஆக்ஸிஜன் அதிகம் கரையும். 0 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 14 மில்லிகிராம், 30 டிகிரியில் அதில் பாதிதான். சாக்கடை கலந்தா இருக்கிற ஆக்ஸிஜனையும் பாக்டீரியா தின்னுடும். அப்போ ஸ்டோன்ஃப்ளை இளம்பூச்சி என்ன செய்யும் தெரியுமா? தண்டால் எடுக்கும்! உடம்பை ஏற்றி இறக்கி செவுளில் புதுத் தண்ணீர் படச் செய்யும். மூச்சுத்திணறலோடு வரும் நோயாளி கழுத்துத் தசையையும் சேர்த்து இழுத்து மூச்சு வாங்குவாரே, அதே போராட்டம்தான்.

11. இதனால்தான் 1970-களில் பிரிட்டன், ஆற்றின் ஆரோக்கியத்தை அளக்க பூச்சிகளுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்தது. பெரும்பாலான ஸ்டோன்ஃப்ளை குடும்பங்களுக்கு 10. சேற்றுப்புழுவுக்கு 1. ஹீமோகுளோபின் உள்ள சிவப்புச் சேற்றுப்புழுக்கள் குறைந்த ஆக்ஸிஜனிலும் தாக்குப்பிடிக்கும். ஸ்டோன்ஃப்ளை முதலில் காணாமல் போயிடும்.

12. மீனை ஏமாற்ற ஒரு பூச்சியை 500 வருஷமா மனுஷன் கூர்ந்து பார்த்தான். அந்தப் பார்வைதான் இன்னைக்கு ஆற்றுக்கு நாடி பிடிக்கவும் உதவுது. ஆறு செத்தால் அசல் போயிடும், கண்ணாடிப் பெட்டியில் முள்ளில் கட்டின போலி மட்டும் மிஞ்சும்.

13. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் ஸ்டோன்ஃப்ளை இனங்கள் இருக்கு. அடுத்த முறை போனா ஒரு கல்லை மெல்லத் திருப்பிப் பாருங்க, குழந்தைகளுக்கும் காட்டுங்க. தட்டையான பூச்சி, இரண்டு வால். பார்த்துட்டு கல்லை அப்படியே திருப்பி வெச்சிடுங்க.

பின்குறிப்பு: ஸ்டோன்ஃப்ளை இருக்குன்னு ஓடைத் தண்ணீரை அப்படியே குடிச்சிடாதீங்க. டாக்டரா சொல்றேன், காய்ச்சித்தான் குடிக்கணும்.