கோடையில் காணாமல் போகும் பாசி

சுஷி சாப்பிட்டிருப்பீங்க, இல்லன்னா படத்திலாவது பார்த்திருப்பீங்க. சோற்றைச் சுற்றி கருப்பா காகிதம் மாதிரி ஒன்னு இருக்குமே, அதுதான் நோரி. கடற்பாசியைப் பொடியா நறுக்கி, மெல்லிசா பரப்பி, காயவைத்து எடுப்பது. இருநூறு வருஷத்துக்கும் மேலாக ஜப்பான்காரர்கள் இதைப் பயிர் செய்துவந்தார்கள். ஆனால் அந்தப் பயிருக்கு விதை எங்கிருந்து வருகிறது என்பது 1949 வரை அவர்களுக்குத் தெரியாது!

படித்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. விதை தெரியாமல் எப்படி விவசாயம் செய்ய முடியும்?

எடோ (இன்றைய டோக்கியோ) விரிகுடாவில் நடந்தது இதுதான். இலையுதிர் காலத்தில் ஆழமில்லாத கடலில் மூங்கில் குச்சிகளையும் மரக்கிளைகளையும் வரிசையா நட்டுவைப்பார்கள். சில வாரங்களில் குச்சியில் பொடிப்பொடியா பாசி முளைக்கும். குளிர்காலம் முழுக்க அறுவடை. வெயில் ஏறியதும் பாசி மறைந்துவிடும். அடுத்த இலையுதிர் காலத்தில் மறுபடி குச்சி, மறுபடி காத்திருப்பு. சில வருஷம் அள்ள அள்ள வரும், சில வருஷம் குச்சி வெறும் குச்சியாகவே நிற்கும். "சூதாட்டப் புல்" என்று இதற்குப் பட்டப்பெயர் உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் விளைச்சல் மோசமாகச் சரிந்தபோது யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. விதை எங்கே இருக்குன்னு தெரிஞ்சாத்தானே அதைக் காப்பாற்ற முடியும்?

விடை வந்தது ஜப்பானிலிருந்து அல்ல, இங்கிலாந்திலிருந்து.

கேத்லீன் ட்ரூ 1901ல் பிறந்தவர். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்து, அங்கேயே விரிவுரையாளர் ஆனார். 1928ல் ஹென்றி ரைட் பேக்கரைத் திருமணம் செய்துகொண்டார். அதோடு வேலை போச்சு. திருமணமான பெண்களை வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை என்பது அன்றைய விதி. ஆனால் ஆய்வை அவர் விடவில்லை. சம்பளமில்லாத கௌரவ ஆய்வாளராக அதே பல்கலைக்கழகத்தில் தொடர்ந்தார்.

அவர் எடுத்துக்கொண்டது போர்ஃபைரா அம்பிலிகாலிஸ். நோரியின் சொந்தக்காரப் பாசி, வேல்ஸ் பகுதியில் லேவர் என்ற பெயரில் இன்றும் சாப்பிடுகிறார்கள். இதன் வித்துகளை ஆய்வகத்தில் வளர்த்தால் இலை வரவில்லை, மெல்லிய நூல் மாதிரி இழைகள்தான் வந்தன. தண்ணீரில் சிப்பி ஓடு இருந்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த இழைகள் ஓட்டைத் துளைத்து உள்ளே போய், இளஞ்சிவப்புத் திட்டுகளாகப் படர்ந்தன.

அந்த இளஞ்சிவப்புத் திட்டு அறிவியலுக்குப் புதுசு இல்லை. 1892லேயே பேட்டர்ஸ் என்பவர் அதைத் தனி இனம் என்று நினைத்து காங்கோசெலிஸ் ரோசியா என்று பெயர் வைத்திருந்தார். என் தொழில் பாஷையில் சொன்னால், டேட்டாபேஸில் ஒரே ஆளுக்கு இரண்டு ரெக்கார்ட். இரண்டும் ஒன்றுதான் என்பதை ஐம்பது வருஷத்துக்கும் மேலாக யாரும் கவனிக்கவில்லை. 1949ல் நேச்சர் இதழில் வந்த ஒரு சின்னக் கட்டுரையில் ட்ரூ அந்த இரண்டையும் இணைத்தார்.

முழு சுழற்சி இப்படிப் போகிறது. குளிர்காலத்தில் நாம் பார்க்கும் இலையில் ஆண், பெண் செல்கள் உருவாகின்றன. கருவுற்றபின் வரும் வித்துகள் நீரில் உதிர்ந்து, சிப்பி ஓடு கிடைத்தால் ஒட்டிக்கொண்டு உள்ளே துளைத்து இழையாகின்றன. கோடை முழுக்க ஓட்டுக்குள் வாசம். தண்ணீர் குளிர்ந்து பகல் குறையும்போது ஓட்டிலிருந்து வேறுவகை வித்துகள் வெளிவருகின்றன. பாறையிலோ குச்சியிலோ ஒட்டி மீண்டும் இலையாவது இவைதான்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். கெல்ப் போன்ற பழுப்புப் பாசிகளின் வித்துகளுக்கு நீந்த வால் உண்டு. சிவப்புப் பாசிகளுக்கு எந்தக் கட்டத்திலும் வால் கிடையாது. தண்ணீர் தள்ளுகிற இடத்துக்குத்தான் போக முடியும். அப்படிப்பட்ட ஒன்று, வருஷா வருஷம் அதே கரையில் தவறாமல் முளைக்கணும்னா, கோடையில் எங்காவது பக்கத்திலேயே நங்கூரம் போட்டிருக்கணும். சிப்பி ஓடுதான் அந்த நங்கூரம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ட்ரூவோடு கடிதத் தொடர்பில் இருந்த க்யூஷூ பல்கலைக்கழகத்தின் செகாவா, ஜப்பானிய நோரியிலும் இதையே பார்த்தார். சில வருடங்களிலேயே குமமோட்டோவில் செயற்கை விதைப்பு முறை உருவானது. இன்று கரையில் தொட்டிகளில் சிப்பி ஓடுகளை வைத்து இழைகளை வளர்க்கிறார்கள். பருவம் வந்ததும் வித்துகளை வலைகளில் ஒட்டவைத்துக் கடலில் கட்டுகிறார்கள். முளைவிட்ட வலையை உறைய வைத்து, தேவைப்படும்போது வெளியே எடுக்கவும் முடியும். சூதாட்டம் விவசாயமானது.

ட்ரூ 1957ல், 55 வயதில் இறந்தார். ஜப்பானுக்கு அவர் போனதே இல்லை. இந்த முறையால் அவருக்குக் காசும் வரவில்லை. 1963ல் குமமோட்டோ மாநிலத்தின் உடோ நகரில், கடலைப் பார்த்தபடி அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். ஒவ்வொரு ஏப்ரல் 14ம் தேதியும் நோரி விவசாயிகள் அங்கே கூடி மரியாதை செய்கிறார்கள்.

நோரியைக் காப்பாற்றணும்னு அவர் கிளம்பவே இல்லை. பக்கத்துக் கடற்கரையில் கிடந்த பாசி எப்படி வளருதுன்னு தெரிஞ்சுக்க ஆசைப்பட்டார், அவ்வளவுதான். "இதனால என்ன பிரயோஜனம்?" என்று யாராவது ஒரு ஆராய்ச்சியைப் பார்த்துக் கேட்கும்போது, எனக்கு இப்போதெல்லாம் அந்தச் சிப்பி ஓடுதான் ஞாபகம் வருது.