ஈயின் உண்ணும் அசைவுகளும் உணர் நரம்புகளும்

ஈயின் காலில் சர்க்கரை நீர் பட்டதும், மடிந்து கிடக்கும் உறிஞ்சுகுழல் நீளும், உதட்டுமடல்கள் விரியும், தொண்டையிலுள்ள தசைப்பம்பு நீரை உள்ளே இழுக்கும். இதைத் தொடக்கி வைப்பது சுவை. நடுவில் சரிபார்ப்பதும் ‘போதும்’ என்று நிறுத்துவதும் பெரும்பாலும் இழுவிசையையும் அழுத்தத்தையும் உணரும் நரம்பணுக்களின் வேலை. ஆய்வாளர்கள் நெடுங்காலம் சுவையின் பின்னால்தான் ஓடினார்கள்.

நிறுத்தும் வேலை வெளிப்பட்டது ஓர் அறுவையால். அமெரிக்காவில் வின்சென்ட் டெத்தியரும் டீட்ரிச் போடன்ஸ்டைனும், ஃபோர்மியா என்னும் ஈயின் முன்குடலை மூளையோடு இணைக்கும் மெல்லிய நரம்பைத் துண்டித்து, முடிவை 1958இல் வெளியிட்டனர். நரம்பு அறுந்த ஈ வயிறு புடைக்கப் புடைக்கக் குடித்துக்கொண்டே இருந்தது. இரத்தத்தில் நேரடியாகச் சர்க்கரை ஏற்றியும் ஈயின் பசி தணியவில்லை என்பதால், நிறுத்தும் செய்தி குடலிலிருந்துதான் வருகிறது என்று தெளிவாயிற்று. 1967இல் ஆலன் கெல்பெரின் முன்குடலிலேயே விரிவுணர்விகளைக் கண்டறிந்தார். தீனிப்பையில் சேர்ந்த நீர் சிறிது சிறிதாக நடுக்குடலுக்கு நகரும் ஒவ்வோர் அசைவையும் அவை மூளைக்குச் சொல்கின்றன.

இந்தியாவில் ஈக்களின் உணர்நரம்பு ஆய்வுக்கு வித்திட்டவர் ஒபைத் சித்திக்கி (1932–2013). மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1962இல் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கிய அவர், வெரோனிகா ரோட்ரிக்ஸுடன் சேர்ந்து, சுவையும் மணமும் உணர்வதில் குறையுள்ள பழ ஈ வகைகளை 1978இல் அறிவித்தார். அதுவும் சுவைப் பக்கமே. அசைவுப் பக்கத்துக்கு 2017இல் ஒரு பங்களிப்பு வந்தது: பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் கே. விஜயராகவன் உள்ளிட்ட இந்திய, ஐரோப்பிய ஆய்வாளர்கள், உறிஞ்சுகுழலின் தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அடையாளம் கண்டனர்.

உணரும் தரப்பில் இப்போது புரதங்களின் பெயர்களே தெரிகின்றன. உணவு கெட்டியா, குழைவா என்று உதட்டுமடல் அறிய டிஎம்சி புரதம் தேவை என 2016இல் தெரிந்தது. பீசோ என்னும் புரதம் செயலிழந்தால் ஈ அளவுக்கு மீறி உண்ணும் என 2020–21 ஆய்வுகள் காட்டின. டெத்தியர் கண்ட பெருந்தீனிக்கு இதுவே மூலக்கூறு அளவிலான விளக்கம் எனலாம். தொண்டைப் பம்பு நிரம்பி வடியும் தாளத்தைக் காக்கும் நரம்பணுக்களிலும் பீசோ, டிஎம்சி, நாம்ப்-சி ஆகிய மூன்று புரதங்களும் வேலை செய்கின்றன. மனிதரில் சிறுநீர்ப்பை நிறைவதை உணர உதவுவதும் பீசோ குடும்பத்துப் பீசோ2 புரதம்தான்.