ஆமர்ஷம் குன்றின் சரிவில் ஒரு கல்

இலண்டன் மாநகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 27 மைல் தொலைவில், பக்கிங்ஹாம்ஷயரில், ஆமர்ஷம் என்னும் சிற்றூர் உள்ளது. மெட்ரோபாலிட்டன் இரயில் தடத்தின் கடைசி நிலையங்களுள் ஒன்று இது. காலையில் இரயிலேறித் தலைநகரில் வேலைக்குச் சென்று, மாலையில் உறங்குவதற்குத் திரும்புவோரின் ஊர் என்றே இன்று பலரும் இதனை அறிவர். இத்தகைய ஊரில் திருச்சபை வரலாற்று மாணவர் காண்பதற்கு என்ன உண்டு என்று வாசகர் வினவக்கூடும்.

நிலையத்தில் இறங்கியதும் நாம் காண்பது பழைய ஆமர்ஷம் அன்று. 1892-இல் இரயில் வந்தபோது பாதை பள்ளத்தாக்கில் இறங்காமல் குன்றின் மேலேயே நின்றுவிட்டது. நிலையத்தைச் சுற்றி வயல்களாய்க் கிடந்த இடத்தில் ஒரு புதிய ஊர் எழுந்தது. இரயில் நிறுவனம் 1915 முதல் இப்பகுதிகளை 'மெட்ரோலாந்து' என்று பெயரிட்டு விளம்பரம் செய்து, தூய காற்றையும் தோட்ட வீட்டையும் நடுத்தர வகுப்பினருக்கு வாக்களித்தது. வீடுகளும் பெருகின. கீழே மிஸ்போர்ன் ஓடையருகே புனித மரியாள் ஆலயமும், 1682-இல் கட்டப்பட்ட சந்தை மண்டபமும், அகன்ற பழைய வீதியும் பெரிதும் மாறாமல் நிற்கின்றன. இரயில் விலகிச் சென்றதே பழைய ஊரைக் காத்தது என்று நாம் கருதுகிறோம்.

இவ்விரு ஊர்களுக்கும் இடையே, ஆலயத்திற்கு மேலுள்ள சரிவில், 1931-இல் நாட்டப்பட்ட கல்தூண் ஒன்று உண்டு. அறுவர் ஆண்கள், ஒருவர் பெண். ஆக எழுவர் அருகிலுள்ள பள்ளமொன்றில் எரிக்கப்பட்டனர் என்று அது அறிவிக்கிறது. முதலாமவர் வில்லியம் டில்ஸ்வொர்த். கல் அவருக்கு 1506 என்னும் ஆண்டைத் தருகிறது. ஆய்வாளர் சிலர் 1511 என்பர். ஏனையோர் 1521-இல், லிங்கன் பேராயர் ஜான் லாங்லண்டின் விசாரணைக்குப்பின் இறந்தவர்களாகக் குறிக்கப்பட்டுள்ளனர்.

இவர்கள் லொல்லார்டுகள் எனப்பட்டோர். 1384-இல் மறைந்த ஜான் விக்ளிஃபின் போதனை வழியில் வந்தவர்கள். அனுமதியின்றி வேதத்தை ஆங்கிலத்தில் பெயர்ப்பதையும், அத்தகைய நூலை வாசிப்பதையும் தலைமைப் பேராயர் அருண்டல் 1409-இல் தடைசெய்திருந்தார். தடையை மீறி யாக்கோபின் நிருபத்தையும் சுவிசேஷப் பகுதிகளையும் கையெழுத்துப் படிகளில் வாசித்தும், வாசிக்கத் தெரியாதோர் வாய்ப்பாடமாகக் கற்றும் இம்மக்கள் பேணிவந்தனர். இவர்கள் அனைவரும் ஏழைத் தொழிலாளர் என்று எண்ணுவது வழக்கம். ஆனால் அக்கால வரிப் பட்டியல்களை ஆராய்ந்தோர், ஊரின் செல்வந்தர் சிலரும் இவர்களோடு இருந்ததைக் காட்டியுள்ளனர்.

நமக்குக் கிடைக்கும் செய்திகளிற் பெரும்பகுதி ஜான் ஃபாக்ஸ் 1563-இல் வெளியிட்ட இரத்தச்சாட்சிகள் வரலாற்றிலிருந்து வருவது. 1521 விசாரணையின் மூலப் பதிவேடு தொலைந்துவிட்டது; அவர் எடுத்தெழுதியதே எஞ்சியது. டில்ஸ்வொர்த்தின் மகள் ஜோன் தன் தந்தையின் சிதைக்குத் தானே தீயிட வற்புறுத்தப்பட்டாள் என்றும், அன்று அறுபதுக்கு மேற்பட்டோர் விறகுக்கட்டுச் சுமந்து நின்றனர் என்றும் அவர் எழுதுகிறார். ஜான் ஸ்க்ரிவனரின் பிள்ளைகளுக்கும் இதே கொடுமை நேர்ந்ததாம். ஃபாக்ஸ் ஒரு தரப்பின் வழக்கறிஞர் என்பதை மறவாமல் அவரை வாசித்தல் வேண்டும். எனினும் பதிவேடுகளை அவர் கண்ணால் கண்டவர்.

கல்லில் ஒரு சொல் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. எரிக்கப்பட்டோரை அது 'புரொட்டஸ்டண்டார்' என்கிறது. அப்பெயர் பிறந்ததோ 1529-இல், ஜெர்மனியின் ஸ்பையர் மாமன்றத்தில்! லூத்தர் வோர்ம்ஸ் நகரில் பேரரசர்முன் நின்ற அதே 1521-இல் இவர்கள் இறந்தார்கள் என்பது மெய்யே. ஆனால் இவர்களது மரபு லூத்தரைவிட ஒரு நூற்றாண்டு முந்தியது. 1414-இல் எழுந்த லொல்லார்டுக் கலகத்திலேயே ஆமர்ஷம் ஆட்கள் இருந்தனர். தனிச் சபையோ, அருட்பொழிவு பெற்ற குருமாரோ இவர்களுக்கு இல்லை. ஞாயிறுதோறும் பங்கு ஆலயத்துக்குச் சென்றுவிட்டு, வாரநாட்களில் ஒருவர் வீட்டில் ஒருவர் கூடினர். நம் பெயரை அவர்களுக்குச் சூட்டும்போது அவர்களைப் பெருமைப்படுத்துகிறோமா, அவர்களுக்கே உரிய முகத்தை மறைக்கிறோமா? இரண்டாவதே நிகழ்கிறது என்பது எம் கருத்து. முன்னோர் தொடர்பே இல்லாத புதுக் குடியினர் மெட்ரோலாந்து வீடுகளில் நிரம்பிக்கொண்டிருந்த காலத்தில்தான் இக்கல்லும் எழுந்தது என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

அவர்களுக்கே உரிய முகத்தைக் காண விரும்புவோர் கல்லில் இல்லாத ஒரு பெயரைத் தேடவேண்டும். அண்டை ஊராகிய செஷமில் ஆக்னெஸ் ஆஷ்ஃபோர்ட் என்னும் பெண் இருந்தாள். கல்லிற் பெயர் பெற்ற ஜேம்ஸ் மார்டனுக்கு மலைப்பிரசங்கத்தின் பகுதிகளை ஆங்கிலத்தில் கற்பித்தவள் அவளே. உப்பையும் வெளிச்சத்தையும் குறித்த பாடத்தை மனனம் செய்ய அவர் ஐந்து முறை அவளிடம் சென்றாராம். ஆறு பேராயர்கள்முன் அவள் அப்பாடத்தை ஒப்புவிக்க வேண்டியதாயிற்று. இதனை இனி எவருக்கும், சிறப்பாகத் தன் சொந்தப் பிள்ளைகளுக்கு, கற்பிக்கலாகாது என்று அவர்கள் கட்டளையிட்டனர். பிரசங்க பீடத்தைக் காட்டிலும் அடுப்பங்கரையே தங்களுக்கு ஆபத்தானது என்பதை அப்பேராயர்கள் நன்கறிந்திருந்தனர்.

செஷமுக்கும் மெட்ரோபாலிட்டன் தடத்தின் கிளை ஒன்று செல்கிறது. ஆமர்ஷமுக்கு மூன்றாண்டு முன்னரே, 1889-இல் அமைந்தது. அவ்வூர் ஆலய வளாகத்தில் தாமஸ் ஹார்டிங்குக்கு ஒரு நினைவுக்கல் உண்டு. முதலில் ஆமர்ஷமில் வாழ்ந்து, விசாரணையில் பணிந்து, தண்டனை ஏற்றவர் அவர். 1532-இன் உயிர்த்தெழுதல் பண்டிகைக் காலத்தில் காட்டோரம் தனியே ஆங்கில ஜெப நூலொன்றை வாசித்துக்கொண்டிருக்கையில் மீண்டும் பிடிபட்டார். வீட்டைச் சோதித்தவர்கள் தரைப்பலகைகளைப் பெயர்த்தபோது, அடியில் ஆங்கில வேதப் பகுதிகள் இருந்தன.