பூப்பந்தாட்டமும் ஒற்றையர் ஆட்டமும்: தஞ்சாவூர் முதல் பிக்கிள்பால் வரை

வலையின் இருபுறமும் நின்று மட்டையால் பந்தடிக்கும் ஆட்டங்களில், ஒருவரை எதிர்த்து ஒருவர் ஆடுவது ஒற்றையர் எனவும், இருவரை எதிர்த்து இருவர் ஆடுவது இரட்டையர் எனவும் வழங்கப்படும். பிக்கிள்பால் ஆடுவோரில் பெரும்பாலோர் இரட்டையரையே ஆடுகின்றனர். ஒற்றையரை விரும்புவோர் சிறுபான்மையினர். டென்னிசிலோ ஒற்றையர் பட்டத்துக்கே பெருமதிப்பு. தஞ்சாவூரோடு தொடர்புடைய பூப்பந்தாட்டத்தில் ஐவர் ஆட்டமே முதன்மையானது. இரட்டையரும் அதில் உண்டு. ஒற்றையர் மட்டும் வேரூன்றவில்லை. ஓர் ஆட்டத்தில் எந்த வடிவம் முன்னிற்கும் என்பதை ஆடுவோரின் விருப்பம் மட்டும் முடிவு செய்வதில்லை. அது பிறந்த சூழல், பந்து, களத்தின் அளவு ஆகியவற்றுக்கும் அதில் பங்குண்டு என்பதை இவ்வாட்டங்களின் வரலாறு காட்டுகிறது.

பூப்பந்து என்ற சொல் சில இடங்களில் இறகுப்பந்தையும் குறிக்கும். இக்கட்டுரையில் அது கம்பளிப் பந்தைக் கொண்டு ஆடும் பால் பேட்மிண்டனை மட்டுமே குறிக்கிறது.

தஞ்சை அரண்மனைப் பின்னணி

பூப்பந்தாட்டம் 1856ஆம் ஆண்டளவிலேயே தஞ்சாவூர் அரச குடும்பத்தாரால் ஆடப்பட்டது என்று கூறப்படுகிறது. தஞ்சை வரலாற்றில் அது முக்கியமான காலம். இரண்டாம் சரபோஜியின் மகனான மன்னர் சிவாஜி 1855இல் ஆண் வாரிசு இன்றி இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அரசுரிமை முடிந்துவிட்டதாகக் கொண்டு, அரண்மனைச் சொத்துகளையும் கையகப்படுத்தியது. அரசி காமாட்சிபாய் தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. கம்பெனியின் செயல் அரசின் செயல் என்பதால் நீதிமன்றம் அதில் தலையிட முடியாது என 1859இல் தீர்ப்பாயிற்று.

ஆட்சி போன பிறகும் அரண்மனையில் பெரிய குடும்பமும் அதைச் சார்ந்த பலரும் வாழ்ந்தனர். 1856 என்ற ஆண்டுக் கணக்கு சரியெனில், பூப்பந்தாட்டம் ஆட்சி இழந்த ஓர் அரண்மனையின் பொழுதுபோக்காக இருந்திருக்கிறது. பலர் கூடி வாழும் முற்றத்தில் ஆடும் ஆட்டம் பலரையும் சேர்த்துக்கொள்வதாக அமைவது இயல்பே.

இறகும் கம்பளியும்

1860களிலும் 1870களிலும் இந்தியாவிலிருந்த ஆங்கிலேய அதிகாரிகளிடையே இறகுப்பந்தாட்டம் பரவியது. புனே நகரில் அது மிகுந்த செல்வாக்குப் பெற்றதால் அவ்வூரின் பெயராலேயே 'பூனா' என்றும் அழைக்கப்பட்டது. காற்று வீசும் நாட்களிலும் ஈரமான நாட்களிலும் இறகுக்குப் பதிலாகக் கம்பளிப் பந்தைப் பயன்படுத்தும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது.

இதன் காரணம் எளியது. இன்றைய இறகுப்பந்தின் எடை ஏறத்தாழ 5 கிராம். பூப்பந்தின் எடை 27 முதல் 30 கிராம் வரை. மெல்லிய காற்றுகூட இறகின் போக்கை மாற்றிவிடும். காவிரிப் படுகை மலைகளற்ற சமவெளி. வயல்வெளியைக் கடந்து வரும் ஆடிக்காற்றை மறிக்க அங்கே எதுவும் இல்லை. அத்தகைய நிலத்தில் கூரையின்றி ஆட ஏற்றது கம்பளிப் பந்தே. மண்தரை, இரண்டு கம்பம், ஒரு வலை ஆகியவை இருந்தால் போதும் என்பதால் பள்ளி மைதானங்களுக்கும் அது எளிதில் பொருந்தியது.

களத்தின் கணக்கு

பூப்பந்தாட்டக் களம் 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் கொண்டது. ஓர் அணியின் பகுதி 144 சதுர மீட்டர். பந்து தரையைத் தொட்டுவிட்டால் அந்த ஆட்டம் முடிந்தது. டென்னிசைப் போல ஒருமுறை துள்ளவிட்டு அடிக்க முடியாது. மற்ற ஆட்டங்களில் ஒற்றையர் ஆடுபவர் காக்க வேண்டிய பரப்போடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இறகுப்பந்து: ஏறத்தாழ 35 சதுர மீட்டர், துள்ளல் இல்லை.
பிக்கிள்பால்: ஏறத்தாழ 41 சதுர மீட்டர், ஒருமுறை துள்ளலாம்.
டென்னிஸ்: ஏறத்தாழ 98 சதுர மீட்டர், ஒருமுறை துள்ளலாம்.
பூப்பந்து முழுக்களம்: 144 சதுர மீட்டர், துள்ளல் இல்லை.

இந்தக் களத்தை ஒருவர் தனியாகக் காப்பது நடவாத காரியம். ஐந்து பேர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு ஏறத்தாழ 29 சதுர மீட்டர் வரும். முன்வரிசையில் இருவர், நடுவில் ஒருவர், பின்வரிசையில் இருவர் என நிற்கும் அமைப்பு இத்தேவையிலிருந்து எழுந்தது. முன்னால் நிற்பவருக்குக் கைவேகம் வேண்டும். பின்னால் நிற்பவருக்கு நீண்ட வீச்சு வேண்டும். நடுவில் நிற்பவர் இருபுறமும் பார்க்க வேண்டும். எல்லாத் திறனும் ஒருவரிடமே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஒற்றையர் வந்த விதம்

விம்பிள்டன் டென்னிஸ் போட்டி 1877இல் தொடங்கியபோது ஆடவர் ஒற்றையர் மட்டுமே நடந்தது. இரட்டையர் அங்கு 1884இல்தான் சேர்ந்தது. இறகுப்பந்தின் கதை இதற்கு நேர்மாறானது. தொடக்க காலத்தில் ஓர் அணிக்கு மூவர், நால்வர்கூட ஆடினர். 1899இல் நடந்த முதல் அனைத்து இங்கிலாந்துப் போட்டியில் ஆடவர் இரட்டையர், மகளிர் இரட்டையர், கலப்பு இரட்டையர் ஆகிய மூன்று பிரிவுகளே இருந்தன. ஒற்றையர் அடுத்த ஆண்டான 1900இல் சேர்க்கப்பட்டது. இன்று ஒற்றையரால் புகழ்பெற்றிருக்கும் ஓர் ஆட்டம் கூட்டாட்டமாகவே வளர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது.

பூப்பந்தாட்டத்துக்கு 1954இல் தேசியக் கூட்டமைப்பு உருவானது. முதல் தேசியப் போட்டி 1956இல் ஐதராபாத்தில் நடைபெற்றது. ஐவர் ஆட்டமே அதன் அடையாளமாக நிலைத்தது.

பிக்கிள்பால் 1965இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள பெயின்பிரிட்ஜ் தீவில் பிறந்தது. ஜோயல் பிரிட்சர்டு வீட்டில் ஓர் இறகுப்பந்துக் களம் இருந்தது; ஆடுவதற்கான கருவிகள் முழுமையாக இல்லை. அவரும் நண்பர் பில் பெல்லும் மேசைப்பந்து மட்டைகளையும் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தையும் கொண்டு பிள்ளைகளுக்காக ஓர் ஆட்டத்தை அமைத்தனர். பார்னி மெக்கல்லம் பின்னர் இணைந்தார். குடும்பத்தார் அனைவரும் சேர்ந்து ஆடப் பிறந்த அதில் இரட்டையர் மேலோங்கியதில் வியப்பில்லை. ஒற்றையருக்கும் இரட்டையருக்கும் களம் ஒன்றே. இரட்டையரில் ஆளுக்கு ஏறத்தாழ 20 சதுர மீட்டர்தான் என்பதால் முதியவரும் எளிதாக ஆடலாம். இந்தியாவில் இதற்கான அனைத்திந்தியச் சங்கம் 2008இல் தொடங்கப்பட்டது.

ஒற்றையரை விரும்புவோர் வாதம்

ஒற்றையரை விரும்புவோர் மூன்று காரணங்களைச் சொல்வது வழக்கம். முதலாவது, நால்வர் கூடும்வரை காத்திருக்க வேண்டாம், இருவர் போதும். இரண்டாவது, ஓட்டம் மிகுதி; உடற்பயிற்சியும் மிகுதி. மூன்றாவது, வெற்றியும் தவறும் ஒருவரையே சாரும். துணை ஆட்டக்காரரைக் குறை சொல்லவும் முடியாது, அவரிடம் குறை கேட்கவும் வேண்டாம்.

புகழும் ஒற்றையரையே மிகுதியாகச் சேர்கிறது. தமிழ்நாட்டைச் சேர்ந்த இராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் விம்பிள்டன் ஒற்றையர் அரையிறுதியை எட்டியதால் நினைவுகூரப்படுகிறார். 1966 டேவிஸ் கோப்பை இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் 4–1 எனத் தோற்ற இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே வெற்றி, அவர் ஜெய்தீப் முகர்ஜியுடன் ஆடிய இரட்டையர் ஆட்டம் என்பதை அறிந்தோர் குறைவு. ஒலிம்பிக் இறகுப்பந்தில் இந்தியா 2012, 2016, டோக்கியோ போட்டிகளில் பெற்ற மூன்று பதக்கங்களும் மகளிர் ஒற்றையரில் வந்தவையே. பூப்பந்தாட்டத்துக்காக முதன்முதலில் அர்ஜுனா விருது பெற்றவர் வாரங்கலைச் சேர்ந்த பிச்சையா, ஆண்டு 1970. ஐவரில் ஒருவராக ஆடிய அவர் பெயர் அவ்வாட்டத்துக்கு வெளியே பரவலாக அறியப்படவில்லை.

பெற்றதும் இழந்ததும்

ஐவர் ஆட்டத்தால் பூப்பந்தாட்டம் பெற்றது பெரிது. வேகம் குறைந்தவர், உயரம் குறைந்தவர், வயதில் மூத்தவர் எவருக்கும் களத்தில் ஓரிடம் கிடைத்தது. நாற்று நடவும் அறுவடையும் குழுவாகவே நடந்துவந்த காவிரிப் படுகை மக்களுக்கு அந்த ஒழுங்கு புதிதன்று.

அதற்கான விலையும் உண்டு. முறையாக ஆடப் பத்துப் பேர் கூட வேண்டும். படிப்புக்கும் வேலைக்கும் இளைஞர்கள் வெளியூர் செல்லும் ஊர்களில் மாலைதோறும் பத்துப் பேரைச் சேர்ப்பது கடினம். இருவர் மட்டும் மிஞ்சினாலும் டென்னிசும் இறகுப்பந்தும் பிக்கிள்பாலும் தொடரும். பூப்பந்தாட்டம் அப்போது நின்றுவிடும். ஒற்றையர் வடிவம் ஓர் ஆட்டத்துக்குத் தரும் மிகப்பெரிய காப்பு இதுவே. சிறிய களமும் அதற்கேற்ற விதிகளும் வகுத்து ஒற்றையரைச் சேர்ப்பதா, ஐவர் ஆட்டத்தின் தனித்தன்மையை அப்படியே காப்பதா என்பது தஞ்சையின் இந்த ஆட்டத்தை நேசிப்போர் முன்னுள்ள கேள்வி.